தந்தையிடம் பேசிய ஒரு தலைமை ஆசிரியை

(கல்லூரி நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர் ஒருவர் பேச எழுந்தால் நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் ஏதாவது சொல்லிப் பயமுறுத்துவார் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. பக்கத்து மண்டபத்திலிருந்து வரும் பாயச வாசனைக்கு நடுவே அதைச் செய்ய எமக்கு மனம் வரவில்லை. அதனால் இன்று ஒரு பாடகியைப் பற்றிப் பேசுவோம். அவர் புகழ் பெற்ற காலத்தை விட்டுவிட்டு, பாடுவதற்கு அனுமதி கிடைக்குமா என்று காத்திருந்த காலத்தைப் பற்றிப் பேசுவோம்.

டி. கே. பட்டம்மாள் என்ற பெயரை மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இளையவர்களுக்கு, நித்யஸ்ரீ மகாதேவனின் பாட்டி என்றால் விளங்கும். எம். எஸ். சுப்புலட்சுமி, எம். எல். வசந்தகுமாரி ஆகியோருடன் சேர்த்துக் கர்நாடக இசையின் பெண் மும்மூர்த்திகள் என்று போற்றப்பட்டவர்.

எமது வகுப்பினருக்கு அவருடைய குரல் வந்து சேர்ந்த வழி கொஞ்சம் வித்தியாசமானது. தொண்ணூறுகளின் முற்பகுதி, மின்சாரம் இல்லாத வருடங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, வீட்டில் ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, தைனமோவிலிருந்து வரும் கரண்டில் றேடியோ பாடும். திருச்சி வானொலியில் சங்கீதம் போகும்போது சுற்றுகிற தம்பிக்குக் கை உளைந்தால் பாட்டும் தேய்ந்துவிடும். "இன்னும் கொஞ்சம் சுத்தடா" என்று கெஞ்சிக் கேட்ட குரல்களில் ஒன்று பட்டம்மாளுடையது. ஆழமாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வரும் குரல். அந்தக் குரலை எம் அம்மம்மாமாரும் கேட்டிருந்தார்கள். ஆனால் அது எமக்கு வந்து சேராமலே போயிருக்கக்கூடும் என்பது அப்போது எமக்குத் தெரியாது.

பட்டம்மாள் 1919ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் பிறந்தார். எமது கல்லூரி ஒரு சில பிள்ளைகளுடன் ஆரம்பமான அதே காலத்தில் அவரும் பாடசாலைச் சிறுமியாக இருந்தார். இட்ட பெயர் அலமேலு. வீட்டில் 'பட்டா' என்று கூப்பிட்டார்கள். தந்தை தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதர் ஆசாரம் மிக்கவர். சங்கீதத்தில் பற்றுள்ளவரும்கூட, மகளுக்குச் சுலோகங்களையும் பக்திப் பாடல்களையும் அவரே சொல்லிக்கொடுத்தார். தாய் காந்திமதி, ராஜம்மாள் என்றும் அழைக்கப்பட்டவர், நன்றாகப் பாடக்கூடியவர். ஆனால் அந்தக் கால ஆசாரப்படி அவர் மேடையில் மட்டுமல்ல, உறவினர் முன்னிலையில்கூடப் பாட அனுமதிக்கப்படவில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பட்டம்மாளின் வரலாற்றைச் சொல்பவர்கள் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோவார்கள். நாம் அப்படிக் கடந்துவிட முடியாது. பாடத் தெரிந்த ஒரு பெண், தன் சொந்த வீட்டில், தன் சொந்தச் சனத்தின் முன்னால் வாய் திறக்காமல் ஒரு வாழ்நாளைக் கழித்தார். அவருடைய குரல் எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு இசைத்தட்டுக்கூட இல்லை. மகளின் கதை தாயின் அந்த மௌனத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மகள் எப்படிப் படித்தார்? அந்தக் காலத்தில் சங்கீதம் படிப்பதென்றால் குருவின் வீட்டில் வருடக்கணக்காகத் தங்கி, ஏவிய வேலை செய்து, கேட்டுக் கேட்டுப் படிப்பது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்பிள்ளைக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. பட்டம்மாள் முறையான குருகுலவாசம் செய்யவில்லை. கச்சேரிகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்பார். வீடு திரும்பியதும் கேட்ட கிருதிகளைச் சுரப்படுத்தி எழுதி வைப்பார். ராகங்களின் முக்கியமான பிடிகளையும் குறித்துக்கொள்வார். சகோதரர்கள் இதில் துணை நின்றார்கள். அவர்களில் இளையவரான டி. கே. ஜெயராமன் பிற்காலத்தில் தாமே பெரும் வித்துவானாக விளங்கினார். பின்னர் 'தெலுங்கு வாத்தியார்' என்று அவர் குறிப்பிடும் ஒருவரிடமும் பாடம் கேட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை அவருடைய வழிவந்த அம்பி தீட்சிதரிடமும், நீதிபதியாகவும் இசையறிஞராகவும் இருந்த டி. எல். வெங்கடராம ஐயரிடமும் கற்றார்.

காஞ்சிபுரம் நயினாப்பிள்ளை அக்காலத்தில் லயத்தில் பெரும் புலி. அவருடைய கச்சேரியில் ஒரு மிருதங்கம் போதாது. கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று தாளக்காரர்கள் வரிசையாக இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து வந்தாலும் அசையாமல் பாடுவார். அவருடைய கச்சேரிகளைக் கேட்டுத்தான் இந்தச் சிறுமியின் காது பழகியது. அவர் நடத்திய போட்டி ஒன்றில் பைரவி ராகத்தில் தியாகராஜர் கிருதி ஒன்றைப் பாடிப் பரிசும் வாங்கினார்.

இனி எமக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறோம். பட்டம்மாள் படித்த பாடசாலையின் தலைமை ஆசிரியை அம்முக்குட்டி அம்மாள். பாடசாலை நாடகத்தில் பட்டம்மாள் பாடி நடித்தார். பாராட்டுக் கிடைத்தது, பத்திரிகையில் படத்துடன் செய்தி வந்தது. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அந்தக் குரலைத் தேடி வந்தது. இன்றைய தாய் தகப்பன் என்றால் உடனே எல்லோருக்கும் ஃபோன் எடுத்துச் சொல்லியிருப்பார்கள். அன்று அந்த வீட்டில் அது ஒரு நெருக்கடி. பத்திரிகையில் பெண்பிள்ளையின் படம். இசைத்தட்டில் பெண்பிள்ளையின் குரல், யார் யாரோ வீட்டில், யார் யாரோ காதில். நாளைக்கு இவளை யார் கலியாணம் முடிப்பார்கள்? ஊர் என்ன சொல்லும்?

தந்தை கெட்டவர் அல்லர். மகளுக்குப் பாடச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். தனக்குத் தெரிந்த உலகத்தில் மகளுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று பயந்தார். எம்மில் பலருடைய அப்பாமாரும் அப்படித்தான் இருந்தார்கள். அப்படிப்பட்ட தந்தையிடம் தலைமை ஆசிரியை பேசினார். பிள்ளையைப் பாட விடுங்கள் என்று எடுத்துச் சொன்னார். குடும்பத்துக்கு நெருக்கமான வைத்தியர் ஒருவரும் அவ்வாறே சொன்னார். தந்தை இணங்கினார்.

இந்தச் சம்பவத்தில் மேளதாளம் ஒன்றும் இல்லை. யாரும் போராட்டம் நடத்தவில்லை. ஒரு ஆசிரியை ஒரு தகப்பனிடம் கதைத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதை நடக்காமல் போயிருந்தால், மகளும் தாயைப் போல வாய் மூடியிருந்திருப்பார்.

பத்து வயதளவில் சென்னை மாநகராட்சி வானொலியில் பாடினார். 1932இல், பதின்மூன்றாவது வயதில், சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் முதற் கச்சேரி. அடுத்த வருடம் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. அப்போது அவருக்குப் பதினான்கு வயது. எமது கணக்கில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை.

மேடை கிடைத்ததும் போராட்டம் முடிந்துவிடவில்லை. பெண் பாடலாம், ஆனால் இவ்வளவுதான் பாடலாம் என்று ஒரு கோடு இருந்தது. கச்சேரியின் உச்சம் ராகம், தானம், பல்லவி. பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அந்த வரியைச் சிக்கலான தாளக் கட்டுக்குள் வைத்து, காலத்தை இரட்டித்தும் பாதியாக்கியும், இடம் தவறாமல் மீண்டும் மீண்டும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கை ஒரு கணக்கில் தாளம் போடும், வாய் இன்னொரு கணக்கில் பாடும். இது ஆண்களுக்கே உரியது, பெண்களுக்கு இந்தக் கணக்கு வராது என்பது அன்றைய வித்துவான்கள் பலரின் எண்ணம். பட்டம்மாள் கடினமான தாளங்களில் பல்லவிகளைக் கற்று, மேடையில் பாடினார். ஒரு முறை பாடி நிறுத்தவில்லை. கச்சேரிக்குக் கச்சேரி பாடினார். 'பல்லவி பட்டம்மாள்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

இந்த இடத்தில் வைத்தியர் ஒரு நிமிடம் பேச அனுமதியுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் குரல்வளையில் வித்தியாசம் உண்டு. பெண்ணின் குரல் நாண்கள் நீளத்தில் குறைந்தவை. சாதாரணமாகப் பேசும்போது செக்கனுக்குச் சுமார் இருநூறு தடவை அதிரும். ஆணுடையவை நூறு, நூற்றிருபது அளவில் அதிரும். குரலின் உயரம் வேறுபடுவதற்கு முக்கிய காரணம் இதுதான். ஆனால் தாளத்தைக் கணக்கிடுவது குரல் நாண் அல்ல. காதும் மூளையும் கையும் பழகிச் சேர்ந்து செய்கிற வேலை அது. பழக்கம் கொடுத்தால் யாருக்கும் வரும், கொடுக்காவிட்டால் யாருக்கும் வராது. பழக்கம் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, அவர்களுக்கு வராது என்று தீர்ப்புச் சொன்னார்கள். பெண்களுக்குக் கணிதம் வராது, சத்திரசிகிச்சை சரிவராது என்று சொன்னதும் இதே முறையில்தான்.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டம்மாளுக்கு முன்னர் பெண்கள் மேடையில் பாடவில்லை என்று யாராவது சொன்னால் அது பிழை. வீணை தனம்மாள் இருந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் இருந்தார். தியாகராஜருக்குத் திருவையாற்றில் சமாதி கட்டத் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தவர் நாகரத்தினம்மாள். அப்படியிருந்தும் அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமிருக்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. இசையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய இசைவேளாளர், தேவதாசி மரபுப் பெண்களைச் சமூகம் பாட வைத்து ரசித்தது. பாடியதற்காகவே இழிவாகவும் பேசியது. 'நல்ல குடும்பத்துப்' பெண்ணைப் பாடவே விடவில்லை. ஒருத்தியைப் பாடியதற்காகத் தாழ்த்தினார்கள்; இன்னொருத்தியைத் தாழ்ந்துவிடுவாய் என்று வெருட்டி வாயை அடைத்தார்கள். இரண்டும் ஒரே பூட்டின் இரண்டு பக்கங்கள். பட்டம்மாளை மதிக்கும்போது அந்த மற்றப் பெண்களை மறந்துவிட்டால் நாமும் அதே தவறைச் செய்தவர்களாவோம்.

மிகுதி உங்களுக்குத் தெரிந்ததுதான். 1939இல் ஈஸ்வரனைத் திருமணம் செய்தார், பாட்டு நிற்கவில்லை. பாபநாசம் சிவன் மூலம் சினிமாவிலும் பாடினார். அதே 1939இல் வந்த 'தியாகபூமி'யில் அவருடைய குரல் ஒலித்தது; அப்படத்தைப் பிரித்தானிய அரசு தடை செய்தது. சினிமாவில் பக்திப் பாடல்களையும் தேசியப் பாடல்களையும் மட்டுமே பாடுவேன் என்று தானே எல்லை வகுத்துக்கொண்டார். மற்றவர்கள் போட்ட கோட்டை அழித்தவர், தனக்கென ஒரு கோட்டைத் தானே போட்டார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எமது பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். 1947இல் 'நாம் இருவர்' படத்தில் அவர் பாடிய பாரதியார் பாடல்கள் வீடு வீடாகப் போயின. இந்தியா சுதந்திரம் பெற்றபோது அகில இந்திய வானொலியில் பாடியவரும் அவரே. 1970இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. 1968இல் எம். எஸ். சுப்புலட்சுமிக்குக் கிடைக்கும்வரை எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத விருது அது. 2009இல், தொண்ணூறு வயதில் காலமானார்.

சபையோரே, இந்தக் கதையை இன்று எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு.

எமது வகுப்பில் ஒரு தோழி இருந்தாள். காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடுவது அவள்தான். அவள் தொடங்கினால் பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருக்கும் நாங்களும் வாயை மூடிவிடுவோம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளில் ஒவ்வொரு தரமாக ஏறிக்கொண்டிருந்தாள். சாதாரண தரப் பரீட்சை வருடத்தில் ஒரு நாள், இனி மேடையில் பாடமாட்டேன் என்றாள். "பெரிய பிள்ளையாகிட்டாய், பாடினது காணும் எண்டு வீட்டில சொல்லிப்போட்டினம்." அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் அவள் எம்மோடு பார்வையாளர் பகுதியில் இருந்தாள். வேறொருத்தி பாடினாள். நாம் கைதட்டினோம்.

பல வருடங்களுக்குப் பிறகு அவளைச் சந்தித்தோம். வெளிநாட்டில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பழைய கதைகள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "பாட்டு நிண்டது கூடப் பெரிசில்லை. ஏன் பாடேல்லை எண்டு நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. அதுதான் இவ்வளவு நாளும் கிடக்கு."

எமக்குப் பதில் வரவில்லை. நாம் கேட்கவில்லை என்பது உண்மை. அது அவர்கள் வீட்டு விஷயம் என்று நினைத்தோம். போர்க்காலம், இடப்பெயர்வு, பரீட்சை என்று சொல்லச் சாட்டுகள் இருக்கின்றன. ஆனால் பகிடி விட நேரம் இருந்தது, மாங்காய் பிடுங்க நேரம் இருந்தது. அவள் வீட்டுப் படலையைத் திறந்து, "அன்ரி, அவளைப் பாட விடுங்கோ" என்று கேட்க மட்டும் நேரம் இருக்கவில்லை. அவளுடைய அனுமதியோடுதான் இதை இங்கே சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்றாள்.

இன்று மேடைக்குப் போகாதே என்று சொல்லும் வீடுகள் குறைந்துவிட்டன. காரணம் மாறிவிட்டது, முடிவு மாறவில்லை. இப்போது சொல்வது, "சங்கீதத்தை விடு, ரியூசனுக்கு நேரம் போதாது." உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுக்கப்போகும் பிள்ளையின் வீணை முதலில் அலுமாரிக்கு மேலே ஏறுகிறது. நாமும் அப்படி நாலாம் தரத்தோடு நிறுத்தியவர்கள்தாம். வைத்தியரானதில் கவலை இல்லை. ஆனால் இரண்டும் முடியாது என்று எமக்குச் சொன்னவர்கள் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை என்பது இப்போது தெரிகிறது. வசதி குறைந்த வீடுகளில் நிலைமை இன்னும் கடினம். பரீட்சைக் கட்டணம், போக்குவரத்து, பின்னேரம் வகுப்பு முடிந்து இருட்டில் பிள்ளை எப்படி வரும் என்ற பயம். அது நியாயமான பயம். கிருஷ்ணசுவாமி தீட்சிதரின் பயத்தைப் போல.

ஆகவே எமது வகுப்பினர் கூடிக் கதைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். கல்லூரிக்கு நூற்றாண்டுப் பரிசாகக் கடிகாரக் கோபுரம் கட்டும் பலம் எமக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும், இசை, நடனம், சித்திரம் எதுவாக இருந்தாலும், நல்ல கைவரிசை இருந்தும் நிறுத்தப்போகும் பிள்ளைகள் யார் என்று ஆசிரியைகளிடம் கேட்போம். ஊரில் இருக்கும் நாம் இருவர் இருவராக, ஆசிரியையோடு சேர்ந்து, அந்த வீடுகளுக்குப் போவோம். சண்டைக்கு அல்ல, உபதேசத்துக்கும் அல்ல. தேத்தண்ணி குடித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, கதைக்க. பணம்தான் தடையென்றால் வெளிநாட்டில் இருக்கும் எமது தோழிகள் பரீட்சைக் கட்டணத்தையும் போய்வரும் செலவையும் பொறுப்பேற்பார்கள். இருட்டுத்தான் தடையென்றால் கூட்டிவர ஒரு ஒழுங்கு செய்வோம். எல்லா வீட்டிலும் வெற்றி கிடைக்காது. கிடைக்காத வீட்டுப் பிள்ளைக்கும், தன்னை ஒருவர் கேட்டு வந்தார் என்பது தெரிந்திருக்கும்.

மற்ற வகுப்பினரும் இதில் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இந்த மலரை எங்கோ ஒரு குளிர்தேசத்தில் இருந்து வாசிக்கும் அக்காமாருக்கும் இந்த வேண்டுகோள் சேரட்டும்.

பட்டம்மாளை உலகம் அறியும். அம்முக்குட்டி அம்மாளின் பெயரைச் சொல்பவர்கள் சிலரே. ஒரு கல்லூரி நூறு வருடம் செய்யும் வேலை பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். எம் ஒவ்வொருவருடைய வீட்டிலும் யாரோ ஒரு ஆசிரியை எப்போதோ ஒரு தகப்பனிடம் பேசியிருக்கிறார். அதனால்தான் நாம் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறோம். இப்போது எமது முறை.

எமது தோழி நாளை மாலைக் கலை நிகழ்ச்சிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தேவாரம் பாடக் கேட்டிருக்கிறோம். "பாப்பம்" என்றாள். இந்தத் தடவை நாம் கேட்டுவிட்டோம்.